7 வாரக் குட்டி, 11 வயது டைகர்: 14 நாள் பிரித்து வைப்பது அவசியமா?

ஜெலுத்தோங்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் மாடியில்லாத வரிசை வீடொன்றில் இருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் உண்டு. டைகர் ஆண், 11 வயது, பின்னங்கால் மூட்டில் வலி இருப்பதால் சோபாவில் ஏறுவதையே விட்டுவிட்டான். மல்லிக்கு 4 வயது. யாரைக் கண்டாலும் வாலாட்டிக்கொண்டு போய் நிற்பாள். இரண்டும் கருத்தடை செய்யப்பட்டவை, தடுப்பூசி தவறியதில்லை.

சென்ற வாரம் கொட்டிய மழையில், ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து திரும்பும்போது, மூடியிருந்த கடையொன்றின் ஐந்தடி நடைபாதையில் நனைந்து கிடந்த ஆண் குட்டியொன்றை என் கணவர் தூக்கி வந்துவிட்டார். கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து ஏறக்குறைய 7 வாரம் இருக்கும் என்றார். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் கொடுத்துவிட்டு, பெரிய நாய்களிடமிருந்து 14 நாள் பிரித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்களால் மூன்றாவது நாயை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் புதுவீடு மாறுவதற்கே இன்னும் 6 வாரம் ஆகும். அதுவரை எங்கள் பொறுப்பு. பெயர் வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று நான் பெயரில்லாமல் விட்டிருந்தேன்; நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதென்று அம்மா ‘பொட்டு’ என்று கூப்பிடத் தொடங்கி மூன்று நாளாகிறது.

குட்டியைப் பின்கட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறோம். இரவெல்லாம் அழுகிறது. தாயில்லாத பிள்ளையை இருட்டில் அடைத்து வைப்பது பாவம், மல்லியோடு படுக்க விடு என்று அம்மா மன்றாடுகிறார். நான்காம் நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாததால் குட்டி கூடத்துக்கு ஓடிவந்து, படுத்திருந்த டைகரின் காதைப் பிடித்துத் தொங்கியது. டைகர் உறுமினான், குட்டி விடவில்லை, உடனே திரும்பிக் காற்றில் ‘டக்’கென்று ஒரு கடி கடித்தான். பல் படவில்லை. ஆனாலும் குட்டி வீறிட்டுக்கொண்டு ஓட, என் கணவர் டைகரைத் திட்டி வெளியே போர்ச்சில் கட்டிவிட்டார். 11 ஆண்டில் அவனை நாங்கள் கட்டியதே இல்லை. அன்றிலிருந்து கூடத்துக்கே வர மறுக்கிறான். குட்டியைத் தூக்கப்போன அம்மாவின் கையிலும் அதன் பல் பட்டு லேசாகக் கீறிவிட்டது.

பெரிய நாய்களுக்கு ஊசி போட்டிருக்கும்போது அந்த 14 நாள் உண்மையிலேயே தேவையா? டைகர் குட்டியைக் கடித்துக் கொன்றுவிடுவானோ என்று பயப்பட வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா எழுதியது:

தங்கைக்கு வணக்கம். தெருவில் கிடைக்கும் குட்டிகளை வேறு வீடு அமையும்வரை வைத்திருந்து அனுப்புவதை நான் கோலாலம்பூரில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என் வீட்டிலும் பெரிய நாய்கள் இல்லாத காலமே கிடையாது. 14 நாளைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் இரத்தப் பேதியும் தரும் பார்வோ வைரஸ் உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். சில சமயம் 14 நாள் வரை இழுக்கும். மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் அதைவிடவும் மெதுவாக வெளிப்படும். ஆகவே இன்று துள்ளிக்கொண்டிருக்கிறதே என்பதற்காகக் குட்டிக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஊசி போட்டாயிற்று என்பதும் பாதி ஆறுதல்தான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் மிச்சமிருக்கும் வரையில் அது தடுப்பூசியையும் வேலைசெய்ய விடாது, அந்த மிச்சம் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் 16 வாரம் நிறையும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

டைகருக்கும் மல்லிக்கும் பார்வோ வரும் ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அவர்கள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு அது பின்சந்துக்கும் பக்கத்து வீட்டு வாசலுக்கும் போகும். மண்ணில் விழுந்தால் மாதக்கணக்கில் சாகாது. தவிர, தடுப்பூசியே இல்லாத விருந்தாளிகளும் குட்டியோடு வந்திருக்கின்றன. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். உருளைப்புழுவின் முட்டை மலத்தோடு விழுந்த உடனே தொற்றாது, ஒன்றிரண்டு வாரமாவது வெளியே கிடந்து முதிர வேண்டும். ஆகவே மலத்தை அவ்வப்போது அள்ளிவிடுவதே பாதி வைத்தியம். கொக்கிப்புழு அவ்வளவு பொறுமையானது அல்ல. அதன் இளம்புழு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். அம்மாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பூச்சி மருந்தை 2 வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். நிறையைப் பார்த்துத்தான் அளவு, எனவே மல்லியின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். உண்ணிக்கும் அதேதான். பெரிய நாய்களுக்கான உண்ணி மாத்திரைகள் பலவும் 8 வாரமும் 2 கிலோவும் தாண்டிய பிறகே கொடுக்கத்தக்கவை; அதுவரை பேன் சீப்பால் தினமும் வாரி, கிடைத்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். இந்நாட்டு உண்ணி சுவர்க் கீறலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வழியாக வரும் எர்லிக்கியா காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது, அது டைகரின் வயதில் வந்தால் தாங்குவது கடினம்.

வேலை வரிசை மிக முக்கியம். முதலில் பெரிய நாய்களுக்குச் சோறு, நடை, கொஞ்சல் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் குட்டியிடம் போங்கள். அங்கே தனிச் செருப்பு, மேலே போட்டுக்கொள்ளத் தனிப் பழைய சட்டை. தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (துணி வெளுக்கும் பிளீச்) 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாசனைத் தரைத் திரவமோ கைக்குத் தடவும் ஆல்கஹாலோ பார்வோவை ஒன்றும் செய்யாது. ஒன்றை மட்டும் பலரும் தவறாகச் செய்கிறார்கள்: மணம் பழகட்டும் என்று இரு பக்கத்துத் துணிகளையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த இரண்டு வாரத்தில் அது ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். மல்லி படுத்த துணி குட்டியிடம் போகலாம். குட்டியின் துணி கூடத்துக்கு வரவே கூடாது.

இரவு அழுகைக்கு மல்லி தேவையில்லை, ஆள் தேவை. நேற்றுவரை உடன்பிறப்புகளின் மேல் ஏறிப் படுத்த உயிர் அது. அம்மாவுக்கு அவ்வளவு மனவேதனை என்றால், சமையலறையில் பாயை விரித்து ஒரு வாரம் அங்கேயே படுக்கச் சொல்லுங்கள். கை எட்டும் தூரத்தில் பெட்டி இருந்தால் இரண்டாம் இரவே அடங்கிவிடும். நடு இரவில் ஒன்றிரண்டு முறை எழுப்பிச் செய்தித்தாளில் விட வேண்டியிருக்கும்.

பிரித்து வைப்பது நாய்களிடமிருந்துதானே தவிர உலகத்திடமிருந்து அல்ல. ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் நாய் எதைப் பார்க்கிறதோ அதை வாழ்நாள் முழுவதும் இயல்பாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கதவு மூடிய பிறகு பழக்குவது பெரும்பாடு. எனவே தினமும் கையில் தூக்கிக்கொண்டு கேட்டருகே நில்லுங்கள். மோட்டார்சைக்கிள், குப்பை லாரி, கோயில் மணி, குடைபிடித்த ஆள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். தரையில் மட்டும் விடாதீர்கள்.

வாந்தி, இரத்தம் கலந்த பேதி, சோறு வேண்டாமென்று சுருண்டு கிடப்பது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். குட்டிகளுக்கு நீர்ச்சத்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

பட்டர்வொர்த் பெரியவர் எழுதியது:

நான் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், பிறந்து வளர்ந்தவன். 1960களில் எங்கள் லயத்தில் வீட்டுக்கு இரண்டு நாய் இருக்கும். எந்தக் குட்டியையும் யாரும் பிரித்து வைத்ததில்லை, குளோரோக்ஸ் ஊற்றியதில்லை, எல்லாம் ஒன்றாகவே கிடந்து வளர்ந்தன. கிழட்டு நாய் இரண்டு தடவை அதட்டினால் குட்டி தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். படித்தவர்கள் எல்லாவற்றையும் சிக்கலாக்கிவிடுகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. குட்டியை அவிழ்த்து விடுங்கள், அவையே பார்த்துக்கொள்ளும்.

கெப்போங்கிலிருந்து ஒரு முன்னாள் கிளினிக் உதவியாளர் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். ஐயா சொல்வதில் ஒரு பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். மற்றப் பாதிக்கு ஒரே பதில்தான்: நாய்களின் பார்வோ 1978இல்தான் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நீங்கள் சொல்லும் லயத்துக் காலத்தில் அந்த நோயே இல்லை. டிஸ்டெம்பரும் புழுவும் அப்போதும் இருந்தன. ஒரு தாய் ஆறு குட்டி போட்டால் எத்தனை ஓடியாடும் வயதுவரை தங்கின என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் ஐயா. பிழைத்தவை மட்டுமே நம் நினைவில் வளர்கின்றன. நான் கிளினிக்கில் வேலை செய்த 9 ஆண்டில் பார்வோக் குட்டிகளின் கூண்டைக் கழுவியது என் கைகள்தான்; அந்த வாடையை ஒருமுறை அறிந்தவர் யாரும் ‘அவிழ்த்து விடுங்கள்’ என்று சொல்லமாட்டார்.

டைகரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அம்மாவின் கையைக் கவனியுங்கள். தெருவில் கிடைத்த, வரலாறு தெரியாத குட்டியின் பல் தோலைக் கீறியிருக்கிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையும் அது எடுத்திருக்கிறது. குட்டிதானே என்று விடக் கூடாது. இப்படிக் கீறினால் உடனே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுவினாரோ இல்லையோ, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

இனி டைகர். அவன் செய்தது தவறே இல்லை. செய்ய வேண்டிய வரிசையில் செய்திருக்கிறான். உறுமல் முதல் எச்சரிக்கை. அது கேட்கப்படாததால் காற்றில் கடி. நாயின் வாய் குறி தவறுவது அரிது. பல் படவில்லை என்றால் படக் கூடாது என்று அவன் நினைத்ததால்தான் படவில்லை. குட்டி வீறிட்டது வலியால் அல்ல, திகைப்பால். அது விலகியவுடன் அவனும் நிறுத்திவிட்டான் அல்லவா? எத்தனை அழுத்தமாகக் கடிக்கலாம், யாரிடம் எவ்வளவு உரிமை எடுக்கலாம் என்பதைப் பெரிய நாயைப் போல எந்த மனிதராலும் ஒரு குட்டிக்குச் சொல்லித்தர முடியாது. இதுதான் நான் ஏற்பதாகச் சொன்ன, பெரியவர் சொன்ன பாதி.

உங்கள் கணவர் செய்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. உறுமிய நாயைத் திட்டினால் உறுமல் போகும். உறுமலுக்குக் காரணமான எரிச்சல் போகாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும் நாயை நாமே தயாரித்துவிடுகிறோம். தவிர, அவன் கணக்கில் நடந்தது என்னவென்று பாருங்கள்: வலிக்கிற காலோடு படுத்திருந்தேன், புதிதாக வந்தது காதைக் கடித்தது, என்னைக் கட்டிப்போட்டார்கள். குட்டி வந்தால் கெட்டது நடக்கும் என்ற பாடம் அது. அதை அழிக்க, குட்டியின் சத்தம் பின்கட்டில் கேட்கும்போதெல்லாம் டைகருக்கு அவித்த கோழியில் ஒரு துண்டு கொடுக்கத் தொடங்குங்கள். இதற்குக் குட்டியைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்த 14 நாள் இதற்கும் பயன்படட்டும். மூட்டு வலியையும் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். வலியுள்ள நாய்க்குப் பொறுமை குறைவாக இருப்பது குணக்கேடு அல்ல. வீட்டிலிருக்கும் மனித மாத்திரைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அந்த 14 நாள் முடிந்து சந்திக்க வைக்கும்போது மல்லியிலிருந்து தொடங்குங்கள். பொது இடத்தில் சந்திக்க வையுங்கள் என்று புத்தகங்கள் சொல்லும். ஊசி முடியாத குட்டியைத் திடலில் இறக்க முடியாது என்பதால் உங்கள் போர்ச்சைக் கழுவி அதையே பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு வைக்கும் வாசல் தடுப்பு ஒன்று நடுவில் இருக்கட்டும். சோற்றுத் தட்டு, எலும்பு, பந்து எதுவும் கண்ணில் படக் கூடாது. ஐந்து நிமிடம் போதும். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மல்லி முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் அது விளையாட்டு அழைப்பு. இரண்டு மூன்று நாளில் தடுப்பை எடுக்கலாம்.

டைகரின் முறை வரும்போது அவன் கழுத்துக் கயிறு தளர்வாக இருக்கட்டும். இழுத்துப் பிடித்த கயிறே பதற்றத்தைச் சொல்லிக்கொடுக்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், போதும் என்று சொல்கிறான். அப்போது நகர்த்த வேண்டியது குட்டியை, அவனை அல்ல. நீங்கள் பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. உடல் கட்டையாக விறைத்து, அசையாமல், இமைக்காமல் குட்டியையே பார்ப்பது; குட்டி விலகிய பிறகும் விரட்டிப் போவது; வீறிட்ட பிறகும் பிடியை விடாமல் உதறுவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் சேர்க்கும் எண்ணத்தையே கைவிட்டு, 6 வாரமும் தனித்தனியாகவே வைத்து அனுப்பிவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை, இது தற்காலிக ஏற்பாடுதானே. வால் ஆடுகிறதே என்பதை மட்டும் நம்பாதீர்கள். விறைத்து உயர்ந்து வேகமாக ஆடும் வாலும் உண்டு.

எல்லாம் நன்றாகப் போனாலும், ஆள் பார்வையில்லாமல் மூன்றையும் ஒன்றாக விட்டுக் கடைக்குப் போகக் கூடாது. குட்டி ஏற முடியாத, நுழைய முடியாத ஒரு மூலை டைகருக்கு என்றே இருக்க வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று 17ஆம் நாள். அம்மாவை அன்றே கிளினிக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் பார்த்து வேண்டியதைச் செய்தார். பூச்சி மருந்து கொடுத்ததற்கு இரண்டு நாள் கழித்துச் சேமியா போலச் சுருண்டு சுருண்டு புழு விழுந்ததைப் பார்த்த பிறகு, குட்டியை மல்லியோடு படுக்கவைக்கும் பேச்சையே அம்மா எடுக்கவில்லை. சமையலறையில் பாய் விரித்துத் தானே படுத்துக்கொள்கிறார். வாந்தியோ பேதியோ வரவில்லை. இரண்டாம் முறை மருந்தும் கொடுத்தாயிற்று.

15ஆம் நாள் மல்லியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தினோம். குட்டி அவளைக் கண்டதும் மல்லாந்து படுத்துச் சிறுநீர் விட்டது; அவள் மோந்துவிட்டு அப்படியே குனிந்து விளையாட அழைத்தாள். டைகரை இன்னும் நேருக்கு நேர் விடவில்லை. ஆனால் சத்தத்துக்குக் கோழித் துண்டு என்ற வித்தை நான் நம்பாத அளவுக்கு வேலைசெய்திருக்கிறது: பின்கட்டில் குட்டி குரைத்தால் அவன் இப்போது எழுந்து என் முகத்தைப் பார்க்கிறான். பழையபடி கூடத்தில்தான் படுக்கிறான். என் கணவர் மன்னிப்புக் கேட்டதாக ஒப்புக்கொள்ளமாட்டார்; ஆனால் இரவில் அவன் காலைப் பிடித்துவிடுவது அவர்தான்.

இப்போது வேறு இரண்டு சந்தேகங்கள். மல்லி வாய்ப்புக் கிடைத்தால் குட்டியின் சோற்றை முடித்துவிடுகிறாள். குட்டியோ அம்மா கொடுக்கும் சாம்பார்ச் சாதத்துக்கு அலைகிறது. இரண்டாவது, இரண்டே நாளில் குட்டி மல்லியின் நிழலாகிவிட்டது. தங்கை வாங்கியிருப்பது செராஸில் அடுக்குமாடி வீடு. அங்கே வேறு நாய் கிடையாது. பிரித்து அனுப்பும்போது தாங்குமா?

பட்டர்வொர்த் பெரியவர் எழுதியது:

1978 விவரம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் லயத்தில் பாதிக் குட்டிகள் தங்காது என்பதும் உண்மைதான். அதை அன்று விதி என்று விட்டுவிட்டோம். சாம்பார்ச் சாதத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், இது என் மகன் வீட்டு நாயை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கற்றது: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. குழம்பு ஊற்றாத சோறு என்றால் பரவாயில்லை. பாலும் வேண்டாம், வயிற்றைக் கழியவைக்கும்.

செந்தூல் அக்கா எழுதியது:

பெரியவர் சொன்னதோடு சோற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம்தான். குட்டி உணவில் கொழுப்பும் சத்தும் அதிகம். மல்லி தொடர்ந்து தின்றால் பேதியும் பருமனும் வரும். ஒரு நாளுக்கு நான்கு வேளை, ஒவ்வொன்றும் 15 நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள்; நேரம் முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகத்தை நீங்களே எழுப்பியது நல்லதாயிற்று, ஏனென்றால் தற்காலிகமாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அது. பெரிய நாயோடு நன்றாக ஒட்டிக்கொண்டது என்று நாம் மகிழ்வோம். ஆனால் அது நாயின் முதுகுக்குப் பின்னால் நின்றே தைரியம் பழகியிருக்கும், ஒற்றை நாயாகப் போகும் வீட்டில் அந்த முதுகு இருக்காது. நான் ஒருமுறை அப்படி அனுப்பிய பெண் குட்டி, புதுவீட்டில் ஒரு மாதம் மேசைக்கடியிலேயே கிடந்தது, என் கவனக்குறைவுதான். எனவே மல்லியோடு விளையாட்டு ஒரு நாளுக்கு மூன்று நான்கு முறை, கால் மணி நேரம் போதும். தூக்கம் தனியாக. சோறு தனியாக. மல்லி இல்லாமல் உங்களோடு மட்டும் வெளியே கையில் போய்வருவது தினமும். பிறகு, மென்று கொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிட்டு முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து என்று யாருமே இல்லாமல் இருக்கவும் பழக்குங்கள். அழத் தொடங்குவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும்.

6 வாரம் முடியும்போது அதற்கு 13 வாரம் ஆகியிருக்கும். நான் முன்பு சொன்ன அந்தக் கதவு மூடும் நேரம் அது. அடுக்குமாடிக்கு வேண்டிய மின்தூக்கி, நீண்ட நடைகூடம், கதவு மோதும் சத்தம் எதுவும் ஜெலுத்தோங் வரிசை வீட்டில் கிடைக்காது. தங்கையால் ஓரிரு வாரம் முன்கூட்டி எடுத்துக்கொள்ள முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் நடுவில் ஒரு வாரக் கடைசியில் அவரைப் பினாங்குக்கு வரச்சொல்லி, இரண்டு நாளும் அவர் கையாலேயே சோறு போடச் சொல்லுங்கள். நீங்களும் குட்டியைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவர் யாருடைய பிளாட்டிலாவது மின்தூக்கியில் நான்கு முறை ஏறி இறங்குங்கள். நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் மலாய் முஸ்லிம் குடும்பங்களும் உடன் ஏறக்கூடும் என்பதால் கூடையில் வைத்துக் கொண்டுபோவது அவர்களுக்கும் நிம்மதி, குட்டிக்கும் பாதுகாப்பு. அந்த மரியாதையைத் தங்கையும் செராஸில் கடைப்பிடித்தால் புகாருக்கே இடமிருக்காது.

அவர் இன்றைக்கே செய்ய வேண்டியது, கட்டட நிர்வாகத்திடம் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்பது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணை, 14ஆம் துணைவிதி, அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் அந்தந்தக் கட்டடமே கூடுதல் விதிகளை ஏற்றியிருக்கலாம். கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் நாய் உரிமமும் எடுக்க வேண்டும். இரண்டில் எது தடைபட்டாலும் இப்போதே தெரிந்தால் வேறு வீடு தேட உங்களுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. சாமான் இறக்கிய பிறகு தெரிந்தால் குட்டி திரும்பவும் உங்கள் சமையலறைக்குத்தான் வரும்.

பயணத்தன்று புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சோற்றை முடித்துவிடுங்கள். மல்லியின் துணியும் அம்மாவின் பழைய சேலைத் துண்டும் கூடைக்குள் இருக்கட்டும். வழியில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிறுத்துவீர்கள். அங்குள்ள புல்லில் மட்டும் இறக்கிவிடாதீர்கள், ஊரிலுள்ள நாயெல்லாம் கால்வைக்கும் இடம் அது. வண்டிக்குள்ளேயே செய்தித்தாள் விரித்து விடுங்கள். ஊசி அட்டையைத் தங்கையிடம் கொடுக்கும்போது அடுத்த ஊசியின் தேதியை அவர் கைப்பேசியில் நீங்களே பதிந்துவிடுங்கள். வெறிநாய்க்கடி ஊசிக்கான வயதும் அப்போது வந்திருக்கும், அங்குள்ள மருத்துவரிடம் அதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

குட்டி போன பிறகு மல்லி இரண்டு மூன்று நாள் சமையலறைக் கதவை மோந்துகொண்டு நிற்பாள். அவளை வழக்கமான நேரத்துக்கு நடக்கக் கூட்டிப்போங்கள், அது போதும். டைகர் நிற்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். நின்றால் மறக்காமல் எழுதுங்கள்.